காலி அறைச் சோதனை

வைஃபை கார்டுகளுக்கு மட்டும் வாய் இருந்திருந்தால், பம்மல் சபாநடேசன் என்ற பெயரைக் கேட்டதுமே கூரியர் பெட்டிக்குள் இருந்து ஒப்பாரி வைத்திருக்கும். லேப்டாப்பின் வயிற்றுக்குள் போகிற, தபால்தலையைவிடக் கொஞ்சமே பெரிய அந்த அப்பாவித் துண்டுகளை மனுஷன் படுத்திய பாடு கொஞ்சநஞ்சமில்லை. லேப்டாப்பை இரும்பு பீரோவுக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, உள்ளே படம் தடங்கலில்லாமல் ஓடுகிறதா என்று கதவில் காதை வைத்துக் கேட்பார். மைக்ரோவேவ் அடுப்பின் தலையில் உட்கார வைப்பார். மீனம்பாக்கத்தில் இறங்குகிற விமானம் மொட்டைமாடியை உரசுகிற நேரமாகப் பார்த்து, உலகத்திலேயே பெரிய கோப்பாகத் தேடி இறக்குவார்.

வீடும் அவருக்கென்றே வாய்த்த வீடு. கட்டிய மேஸ்திரி ஒரு கம்பிக்கடைக்காரரின் மாப்பிள்ளை. சுவர்களில் ஒளித்து வைத்திருக்கும் இரும்பை உருவினால் குரோம்பேட்டைக்கு இன்னொரு மேம்பாலம் கட்டிவிடலாம். ஓர் அறையிலிருந்து கூப்பிட்டால் அடுத்த அறைக்குக் குரலே போகாது. சிக்னல் எங்கே போவது. அந்த வீட்டில் பிழைத்த கார்டு நிலாவிலும் பிழைக்கும் என்று கம்பெனிக்காரர்கள் நம்பினார்கள். தொலைபேசித் துறையிலிருந்து ஓய்வுபெற்று வந்தவரை அவர்கள்தான் தேடிவந்து பிடித்தார்கள். அறிக்கையின் அடியில் ‘தேர்ச்சி – சபாநடேசன்’ என்று ஒரு வரி வந்துவிட்டால் தைவான் தொழிற்சாலையில் சர்க்கரைப் பொங்கல் விநியோகம் நடக்கும் என்று பேச்சு.

அவருடைய மனைவி குமுதவல்லி மாநகராட்சிப் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்தவர். பையன்கள் காப்பியடித்தால், அடித்தார்கள் என்பதோடு விடமாட்டார். எந்த பெஞ்சிலிருந்து, எந்தப் பக்கமாகத் தலையைத் திருப்பி அடித்தார்கள் என்பதுவரை விடைத்தாளைப் பார்த்தே சொல்லிவிடுவார். கணவரின் அறிக்கைகளில் கூட்டல் சரிபார்ப்பதும் அவர்தான்.

நிழல்வலை என்கிற கம்பெனி தன்னுடைய புது கார்டைக் கூரியரில் அனுப்பாமல் ஆள் மூலம் கொடுத்தனுப்பியபோதே சபாநடேசனுக்குப் புருவம் ஏறிவிட்டது. வந்தவள் பெனாசிர், கம்பெனியின் இன்ஜினியர். ‘ஆளறி’ என்று கார்டுக்குப் பெயர்.

“நெட் ஸ்பீடு எல்லாம் எப்பவும்போல பாத்துக்குங்க சார். ஆனா இதோட விசேஷம் அது இல்ல.”

“பின்ன, காபி போடுமா?”

“வீட்ல யார் யார் இருக்காங்கன்னு சொல்லும்.”

“அதை நானே சொல்லுவனே. நானும் இவளும்.”

“எந்த ரூம்ல இருக்காங்க, நடக்கறாங்களா, உக்காந்திருக்காங்களா, மூச்சு சீரா வருதா, எல்லாம் சொல்லும் சார். கேமரா கிடையாது. நடுவுல சுவர் இருந்தாலும் பரவாயில்ல.”

டீயோடு வந்த குமுதவல்லி, “அப்போ இவர் பாத்ரூம்ல உக்காந்து மணிக்கணக்கா பேப்பர் படிக்கறதையும் ஊருக்குச் சொல்லிடும்” என்றார்.

“பாத்ரூம்ல கொஞ்சம் தடுமாறும்மா. டைல்ஸ், குழாய், தண்ணி எல்லாம் இருக்குல்ல” என்று பெனாசிர் சிரித்தாள். “ரவுட்டர்லேர்ந்து வர்ற அலை இந்த வீடு முழுக்கக் குளம் மாதிரி நிறைஞ்சிருக்கு. நம்ம உடம்பும் பாதிக்கு மேல தண்ணி. ஆள் நடந்தா அலை கலங்கும். அசையாம படுத்திருந்தாலும் நெஞ்சு ஏறி இறங்குதே, அந்தச் சின்னக் கலக்கம்கூட இதுக்குத் தெரியும். பழகப் பழக, எந்த மூச்சு யாரோடதுன்னு பிரிச்சுப் பேரோட சொல்லிடும்.”

“இதை யார் வாங்குவா?”

“பசங்க வெளிநாட்டுல இருப்பாங்க, அப்பா அம்மா இங்க தனியா. அம்மா எழுந்து நடமாடறாங்களான்னு அங்கேர்ந்தே பாத்துக்கலாம்.”

“போன் பண்ணி ‘என்னம்மா பண்றே’ன்னு கேட்டா போச்சு” என்றார் குமுதவல்லி.

“அதுக்கு நேரமில்லாதவங்கதாம்மா எங்க கஸ்டமர்.”

சபாநடேசன் அன்றைக்கே லேப்டாப்பைக் கவிழ்த்துத் திருகுகளைக் கழற்றி, பழைய கார்டைப் பிடுங்கிவிட்டு ஆளறியைச் செருகினார். தலைமுடி மாதிரி இருந்த இரண்டு ஆன்டெனா வயர்களையும் நகத்தால் அழுத்திப் பொருத்தினார். திரையில் அவர்கள் வீட்டின் வரைபடம் விரிந்தது. கூடத்தில் இரண்டு பச்சைப் புள்ளிகள், நெஞ்சு மாதிரி விம்மி விம்மித் தணிந்தன.

அதன்பிறகு கார்டுக்கும் அவருக்கும் நடந்தது மகாயுத்தம். ஈர வேட்டியை மின்விசிறிக்கு அடியில் தொங்கவிட்டு ஆட்டினார், கார்டு ஏமாறவில்லை. குக்கரைக் கூவ விட்டார்; அதற்கும் மசியவில்லை. ஊரிலேயே பெரிய தர்பூசணியாகப் பார்த்து வாங்கிவந்து, தன் சட்டையை மாட்டி நாற்காலியில் உட்கார வைத்தார். ‘ஆள் இல்லை’ என்றது கார்டு. கட்டிலுக்கு அடியில் தானே ஒளிந்து மூச்சை அடக்கிப் பார்த்தார். ‘சபாநடேசன். படுத்த நிலை. மூச்சில் தடை. உதவி தேவையா?’ என்று கேட்டது. குமுதவல்லி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

“வாழ்க்கையில முதல்தடவையா ஒரு கார்டுகிட்ட தோத்துட்டேன்” என்று பெனாசிரிடம் போனில் ஒப்புக்கொண்டார். “இன்னும் ஒண்ணுதான் பாக்கி. காலி அறைச் சோதனை.”

“அது சுலபம்தானே சார்?”

“அதுதாம்மா கஷ்டம். இருக்கற ஆளை இல்லேன்னு சொன்னா, போய்ப் பாத்தா தெரிஞ்சிடும். இல்லாத ஆளை இருக்கான்னு சொல்லிட்டா, யாரும் போய்ப் பாக்கவே மாட்டாங்க. அதுதான் பெரிய பொய். கார்டுக்கு நல்லாப் பழகின ரூமா இருக்கணும், அந்த நேரத்துல சத்தியமா யாரும் உள்ள போகாததா இருக்கணும்.”

அப்படி ஓர் அறை அந்த வீட்டில் இருந்தது. அந்த அறைக்கு அப்படி ஒரு நேரமும் வந்துகொண்டிருந்தது.

அவர்களுக்கு ஒரே மகன், இளவழுதி. வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷத்தில், ஒரு மழைக்காலக் காய்ச்சல் அவனைக் கொண்டுபோய்விட்டது. மின்மயானத்தில் அத்தனை பேரும் அழுதுகொண்டிருக்க, சபாநடேசன் மட்டும் அங்கிருந்த சுவிட்ச் போர்டில் எர்த் சரியில்லை என்று ஊழியரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார். ‘இது மனுஷ ஜென்மமே இல்ல’ என்று சொல்லிவிட்டுப் போன குமுதவல்லியின் அண்ணன் அதன்பிறகு அந்த வாசல்படி ஏறவில்லை. சபாநடேசனும் மகனுடைய அறைக்குள் கால் வைக்கவில்லை. அவன் பெயரைச் சொல்வதையும் விட்டுவிட்டார். ‘அந்த ரூம்’ என்பார், அவ்வளவுதான்.

வருஷாவருஷம் அவன் திதிக்கு அந்த அறையில் படையல் போடுவார் குமுதவல்லி. தலைவாழை இலை, விளக்கு, பித்தளைப் பாத்திரங்களில் வடை, பாயசம், அதோடு அவனுக்கு உயிரான பாக்கெட் நூடுல்ஸ், ஒரு பாட்டில் கலர். எல்லாவற்றையும் வைத்துவிட்டு வெளியே வந்து கதவைச் சாத்திவிட வேண்டும். வந்தவர் கூச்சமில்லாமல் சாப்பிட வேண்டுமே. பக்கத்தில் ஆள் நின்றால் சாப்பிடமாட்டார். சற்றுப் பொறுத்து, கதவைத் தட்டிவிட்டுத்தான் திறக்க வேண்டும். அந்த நேரம் முழுக்க சபாநடேசன் தெருமுனையில் நின்று கேபிள் வயர்களை எண்ணிக்கொண்டிருப்பார்.

அந்த வருஷம் மட்டும் அவர் மனைவியிடம் தயங்கித் தயங்கி வந்தார்.

“கதவு சாத்தற நேரம் உள்ள யாரும் இருக்கமாட்டாங்க இல்ல?”

“இருக்கக் கூடாது. அதுக்குத்தானே சாத்தறது.”

“அப்போ கார்டை ஓட விட்டுக்கட்டுமா? காலி அறைச் சோதனை ஒண்ணு பாக்கி இருக்கு.”

குமுதவல்லி வடை தட்டுவதை நிறுத்திவிட்டு அவரை ஏற இறங்கப் பார்த்தார். “நான் புள்ளைக்குச் சோறு போடறேன். நீங்க சோதனை போடறீங்க.” மாவை மறுபடி உருட்டினார். “சரி, பண்ணிக்குங்க. இந்த வருஷமாவது தெருவுல நிக்காம வீட்டுக்குள்ள நிப்பீங்களே, அந்த மட்டும் லாபம்.”

உச்சிவேளை தாண்டியதும் இலை போட்டாயிற்று. விளக்கேற்றி, சாம்பிராணி காட்டி, கதவைச் சாத்திவிட்டு வந்து கணவர் பக்கத்தில் நின்றார் குமுதவல்லி. கூடத்து மேசையில் லேப்டாப் திறந்திருந்தது. கூடத்தில் இரண்டு புள்ளிகள். அந்த அறையில் ஒன்றுமில்லை. சபாநடேசன் பேனாவைத் திறந்தார்.

பிறகு அந்த அறையில் ஒரு புள்ளி முளைத்தது.

முதலில் மங்கலாக, அப்புறம் திடமாக. கட்டிலின் ஓரத்தில், ஜன்னல் பக்கமாக. விம்மித் தணிந்தது. ‘பெயரில்லா நபர். அமர்ந்த நிலை. மூச்சு சீர்.’

சபாநடேசனின் கையிலிருந்து பேனா விழுந்தது. மின்மயானத்தில் வராதது, அதற்குப் பிந்தைய வருஷங்களில் வராதது எல்லாம் செம்பரம்பாக்கம் மதகைத் திறந்துவிட்டதுபோல ஒரேயடியாக வந்தது. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார்.

“வந்துட்டான் குமுதா. வழுதி வந்துட்டான்.”

குமுதவல்லி திரையையே வெகுநேரம் பார்த்தார். அப்புறம் கீழே உட்கார்ந்திருந்த கணவரைப் பார்த்தார். முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்துவிட்டார்.

“சாப்பிடட்டும்” என்றார். “அவசரப்பட்டுக் கதவைத் திறந்துடாதீங்க.”

அன்றைக்குக் குமுதவல்லி கூடத்துக்குக் கொண்டுவந்த இலையிலிருந்து ஆறிப்போன நூடுல்ஸை எடுத்துச் சாப்பிட்டது சபாநடேசன்தான். சாப்பிட்டுக்கொண்டே மகனைப் பற்றிப் பேசினார். வழுதி சின்ன வயதில் ரேடியோவைக் கழற்றிப்போட்டது, பூட்ட முடியாமல் மீந்த உதிரிகளைக் கிணற்றில் எறிந்தது, தான் பிரம்பைத் தேடிய நேரத்தில் அவன் அந்தப் பிரம்பையும் கிணற்றில் எறிந்தது. குமுதவல்லி, “அப்புறம்?” “அப்புறம்?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார், எல்லாம் தெரிந்த கதைதான் என்றாலும்.

“இந்த கார்டைத் திருப்பிக் குடுத்துடாதீங்க” என்றார் கடைசியில். “இங்கயே இருக்கட்டும்.”

கம்பெனிக்குப் போக வேண்டிய பதிவுகள் இணையம் வழியாகத் தானாகவே போய்க்கொண்டிருந்தன. அந்த வாரமே பெனாசிர் வந்தாள். வீட்டுக்குள் வராமல், தெருமுனை டீக்கடைக்கு அவரைக் கூப்பிட்டாள்.

“சார், அந்தப் புள்ளி வந்து…”

“தெரியும்மா, நம்பமாட்டே. எனக்கே நம்பிக்கை கிடையாது. ஆனா மூச்சு வந்துதே.”

“அது அம்மாவோட மூச்சு சார்.”

சபாநடேசன் டீயைக் கீழே வைத்தார்.

“அவ என் பக்கத்துல நின்னுட்டிருந்தா.”

“ஆமா. அதனாலதான் பேர் போடல. சிக்னல் மங்கினா இந்த கார்டு சும்மா இருக்காது சார். அந்த நேரத்துல அந்த ரூம்ல வழக்கமா யார் இருப்பாங்கன்னு பாத்து, பழைய மூச்சை எடுத்து நிரப்பிடும். புள்ளி விட்டுவிட்டு வந்தா கஸ்டமருக்குப் பிடிக்காதுன்னு எங்க ஆளுங்க செஞ்ச வேலை. அன்னைக்குக் கதவைச் சாத்தினீங்க, உள்ள பித்தளைப் பாத்திரமா வச்சிருந்தீங்கன்னு போன்ல சொன்னீங்களே, சிக்னல் படுத்திருச்சு. ஒரே ஆள் ரெண்டு இடத்துல இருக்க முடியாதுன்னு அதுக்குத் தெரியும். அதனால பேரை எடுத்துட்டுப் புள்ளியை மட்டும் விட்டுருச்சு.”

“வழக்கமா இருப்பாங்கன்னா?”

பெனாசிர் அவரைத் தயக்கத்தோடு பார்த்தாள். “அம்மா தினம் மத்தியானம் அந்த ரூம்லதானே சார் இருக்காங்க. நீங்க வெளிய போனதுலேர்ந்து திரும்பி வர்ற வரைக்கும். மூச்சு நடுநடுவுல உடையும், அழற மாதிரி. உங்களுக்குத் தெரியாதா?”

தெரியாது. காலமெல்லாம் ஊரிலுள்ள சிக்னலையெல்லாம் அளந்த மனுஷனுக்கு, தன் வீட்டில் மத்தியானம் என்ன நடக்கிறது என்று தெரியாது. சாப்பாடானதும் அவர் நூலகத்துக்குப் போய்விடுவார். வெள்ளிக்கிழமையானால் பல்லாவரம் சந்தைக்கு, பழைய லேப்டாப்புகளைக் கிளற. திரும்பி வரும்போது குமுதவல்லி முகம் கழுவி, பொட்டு வைத்து, டீயோடு நிற்பார்.

“காலி அறைச் சோதனை தோல்வின்னு எழுதிடுங்க சார். எழுதிட்டா அந்த நிரப்பற வேலையை எடுத்துடலாம்.”

“எடுத்தா அந்தப் புள்ளி?”

“வராது.”

“அவன் வந்து சாப்பிட்டுப் போறான்னு அவ நம்பிட்டிருக்கா பெனாசிர். இத்தனை வருஷத்துல அன்னைக்குத்தான் அவ நிம்மதியாத் தூங்கினா. அதை நான் எப்படிப் போய்…”

“சார், தனியா இருக்கற வயசானவங்க வீட்டுக்குத்தான் இதை விக்கப் போறோம். நீங்கதானே சொன்னீங்க, இல்லாத ஆளை இருக்கான்னு சொல்றது பெரிய பொய்னு.”

“பித்தளைப் பாத்திரம் வச்சு, கதவைச் சாத்தி, யாரு வீட்ல தினம் படையல் போடறாங்க? அது முறையான சோதனையே இல்ல. நான் தேர்ச்சின்னுதான் எழுதப் போறேன்.”

எழுதினார். பெனாசிர் மேலிடத்தில் சொல்லிப் பார்த்தாள். ‘சபாநடேசனே தேர்ச்சின்னு போட்டுட்டார், உனக்கென்ன வந்தது’ என்று அவர்கள் அவள் வாயை அடைத்துவிட்டார்கள். தைவானில் பொங்கல் கிண்டினார்களோ என்னவோ, ஆளறி சந்தைக்கு வந்தது, சூடான போண்டாவைவிட வேகமாகப் போனது.

அதுமுதல் ஒவ்வொரு அமாவாசைக்கும் குமுதவல்லி இலை போட்டார். கதவைச் சாத்திவிட்டு வந்து, “வாங்க, பாருங்க” என்று கணவரைத்தான் முதலில் கூப்பிடுவார். புள்ளி வரும். சபாநடேசன் அதைப் பார்ப்பதாகப் பாவனை செய்துகொண்டு மனைவியின் முகத்தையே பார்ப்பார். அந்த முகத்தில் ஒரு சாந்தி இருந்தது. இந்த ஒரு பொய்க்காக எந்த நரகத்துக்கும் போகலாம் என்று அவருக்குத் தோன்றும். மீதி நாட்களில் மத்தியானங்களை மனைவிக்கே எழுதி வைத்துவிட்டார். நூலகத்திலிருந்து வந்ததும் செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு, பூனையாக உள்ளே வந்து, லேப்டாப்பைப் பார்ப்பார். ‘குமுதவல்லி. அமர்ந்த நிலை’ என்று அந்த அறையில் புள்ளி இருந்தால் இருமக்கூட மாட்டார். அவளாக வரட்டும் என்று உட்கார்ந்திருப்பார்.

அந்த வெள்ளிக்கிழமையும் சந்தையிலிருந்து வந்து அப்படித்தான் உட்கார்ந்தார்.

புள்ளி அந்த அறையில் இருந்தது. விம்மித் தணிந்தது. மூச்சு சீர். சந்தையில் வாங்கிய ஓட்டை லேப்டாப்பைச் சத்தமில்லாமல் மேசையில் வைத்தார். தாகமாக இருந்தது, பாத்திரம் உருட்டினால் கேட்குமே என்று தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. வெயில் ஜன்னலை விட்டுச் சுவருக்குப் போனது, சுவரை விட்டு வெளியே போனது. எதிர்வீட்டில் விளக்கு வைத்தார்கள். இன்றைக்கு அழுது ஓய்ந்தும் எழ மனசில்லைபோல, உட்கார்ந்திருக்கட்டும் என்று நினைத்துக்கொண்டார். கடைசியில் பொறுக்கமாட்டாமல் எழுந்துபோய், படையலுக்குத் தட்டுவதுபோல மெதுவாகக் கதவைத் தட்டினார். பதில் இல்லை. திறந்தார்.

அறை காலியாக இருந்தது.

குமுதவல்லி பாத்ரூமில் கிடந்தார். வாய் ஒருபக்கம் இழுத்துக்கொண்டிருந்தது. கண்கள் திறந்திருந்தன, அவரைப் பார்த்தன. கூடத்தில் லேப்டாப் ‘மூச்சு சீர்’ என்று சொல்லிக்கொண்டிருந்தது.

“எப்ப விழுந்தாங்க?” என்று ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார். சபாநடேசனுக்குப் பதில் தெரியவில்லை. “நீங்க எப்ப வீட்டுக்கு வந்தீங்க?” அதற்குப் பதில் தெரியும். சொன்னார். டாக்டர் அவரைப் பார்த்த பார்வையில் அடுத்த கேள்வி இருந்தது, ஆனால் கேட்கவில்லை. “அப்பவே கூட்டிட்டு வந்திருந்தா ஊசி போட்டிருக்கலாம். பேச்சும் கையும் ஓரளவு மிஞ்சியிருக்கும்” என்று மட்டும் சொன்னார்.

பெனாசிர் ஆஸ்பத்திரிக்கே வந்தாள். தாழ்வாரத்து பெஞ்சில் உட்கார்ந்து சபாநடேசன் புது அறிக்கையை அவளிடம் சொல்லச் சொல்ல, அவள் தட்டச்சு செய்தாள். காலி அறைச் சோதனை தோல்வி. கருவி ஆபத்தானது. முந்தைய தேர்ச்சி தவறென்று தெரிந்தே எழுதப்பட்டது. அந்த இடத்தில் அவள் விரல் நின்றது.

“இந்த வரி வேணுமா சார்? இனிமே யாரும் உங்களுக்கு கார்டு அனுப்பமாட்டாங்க.”

“போடும்மா.”

இந்தத் தடவை மேலிடம் கேட்டுக்கொண்டது. நிரப்புகிற வேலையை எடுத்துவிட்டு, எல்லா வீடுகளுக்கும் ஒரே நாளில் அப்டேட் அனுப்புவதென்று முடிவாயிற்று. அதற்கு முந்தின நாள் பெனாசிர் போன் செய்தாள். குமுதவல்லி வீடு திரும்பிச் சக்கர நாற்காலியில் உட்காரப் பழகியிருந்தார். வலப்பக்கம் முழுக்கப் போயிருந்தது. வார்த்தைகள் ஒன்றிரண்டு, அதுவும் பாதி பாதியாகத்தான் வந்தன.

“நாளைக்கு அப்டேட் சார். மதுரையில ஒரு வீட்ல மட்டும் முன்கூட்டியே போட்டுப் பாத்தோம். மகன் லண்டன்ல. அப்பா தினமும் சேர்ல உக்காந்திருக்கற மாதிரி காட்டிட்டிருந்துச்சு. அப்டேட் போட்டதும் அப்பாவைக் காணோம்னு போன் பண்ணினார். ஆள் அனுப்பிக் கதவை உடைச்சாங்க.”

“எத்தனை நாளா…”

“அதைக் கேக்காதீங்க சார்.”

சபாநடேசன் போனை வைத்துவிட்டு மனைவி எதிரில் வந்து உட்கார்ந்தார். நாளை மறுநாள் அமாவாசை. இலை போட முடிந்தாலும் முடியாவிட்டாலும், இனிமேல் புள்ளி வராது. அதை அவளே பார்த்துத் தெரிந்துகொள்வதைவிடத் தானே சொல்லிவிடுவது மேல். ஆனால் எங்கே ஆரம்பிப்பது? குளத்தில் ஆரம்பித்தார். அலை, தண்ணீர், பித்தளைப் பாத்திரம் என்று ஊரெல்லாம் சுற்றினார். குமுதவல்லி, விடை தெரியாத பையன் கரும்பலகை முன்னால் நெளிவதைப் பார்ப்பதுபோல அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அன்னைக்கு வந்தது அவன் இல்ல குமுதா” என்று கடைசியில் சொல்லிவிட்டார். “உன்னோட மூச்சுதான். எனக்கு அந்த வாரமே தெரியும். உன்கிட்ட மறைச்சிட்டேன். உனக்காகன்னு நெனச்சு மறைச்சேன். அதனாலதான் நீ இப்படி…”



குமுதவல்லியின் உதடு கோணியது. வார்த்தையை எங்கிருந்தோ இழுத்துக்கொண்டு வந்தார்.

“தெ…ரியும்.”

“என்ன தெரியும்?”

இடதுகை மடியிலிருந்து எழுந்து, சாத்தியிருந்த அந்த அறைக் கதவைக் காட்டியது. “ஜன்ன…ல். கட்டில்.” மூச்சு வாங்கியது. “என்… எடம்.”

சபாநடேசனுக்குப் புரியச் சற்று நேரமாயிற்று. புள்ளி கட்டிலின் ஓரத்தில், ஜன்னல் பக்கமாக இருந்தது. அந்த அறைக்குள் போகாதவருக்கு அது வெறும் ஓர் இடம். தினமும் அங்கேயே உட்காருகிறவளுக்கு?

“அவன்… கீழ… தானே” என்றார் குமுதவல்லி.

ஆமாம். வழுதி ஒருநாளும் கட்டிலில் உட்கார்ந்து சாப்பிட்டதில்லை. தட்டைத் தரையில் வைத்து, பீரோவில் சாய்ந்து, காலை நீட்டிக்கொண்டுதான் சாப்பிடுவான். வந்திருந்தால் அங்கே அல்லவா உட்கார்ந்திருப்பான்.

“அப்போ அன்னைக்கே தெரியுமா? பாத்த உடனேயே?”

ஆமாம் என்று குமுதவல்லியின் தலை அசைந்தது.

“ஏன் சொல்லல குமுதா? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அன்னைக்கே தோல்வின்னு எழுதிட்டுத் தூக்கிப் போட்டிருப்பேனே. மாசாமாசம் என்னைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் காட்டினியே.”

குமுதவல்லி கையை நீட்டினார். பழக்கமில்லாத அந்த இடதுகை முதலில் கணவர் காதில் பட்டது, பிறகு கன்னத்துக்கு வழி கண்டுபிடித்தது. கண்ணுக்குக் கீழே விரலால் ஒரு கோடு இழுத்தது.

“அழு…தீங்க” என்றார். “பேர்… சொன்…னீங்க.”

மறுநாள் காலையில் அப்டேட் வந்தது. எத்தனை ஊர்களில், எத்தனை வீடுகளில், எந்தெந்த நாற்காலிகளிலிருந்தும் கட்டில்களிலிருந்தும் புள்ளிகள் அணைந்தனவோ. எத்தனை பிள்ளைகள் எந்தெந்த தேசத்தில் போனைக் கையில் எடுத்தார்களோ. சபாநடேசன் திரையைப் பார்க்கவில்லை. மத்தியானச் சாப்பாடானதும் நூலகத்துக்குக் கிளம்பவும் இல்லை. சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு அந்த அறை வாசலுக்கு வந்து நின்றார்.

“போலாமா?”

குமுதவல்லி தலையாட்டினார்.

உள்ளே போனதும் சபாநடேசன் எங்கே உட்காருவதென்று தெரியாமல், கல்யாண வீட்டில் யாரும் கவனிக்காத விருந்தாளிபோல நடு அறையில் நின்றார். குமுதவல்லி இடதுகையால் கட்டிலின் ஜன்னல் ஓரத்தைக் காட்டினார். போய் உட்கார்ந்தார். இன்னும் கொஞ்சம் தள்ளி என்று கை சொன்னது. தள்ளி உட்கார்ந்தார். அங்கே மெத்தை குழிந்திருந்தது.